விண்பதியமும் துடைப்ப வடிவப் போன்சாயும்

விண்பதியம் என்பது மரத்திலிருந்து கிளையை வெட்டாமலேயே அதில் வேர் வரவழைத்து, வேர் பிடித்தபின் தனிக் கன்றாகப் பிரித்தெடுக்கும் முறை. இப்படிக் கிடைக்கும் கன்று பதியன் எனப்படும். பதியனுக்குத் தாய்மரத்தின் குணம் மாறாது, விரைவில் காய்க்கும். ஆனால் அதற்கு ஆணிவேர் கிடையாது.

செங்கல்பட்டு, மாமல்லபுரம் கடற்கரை போன்ற புயல் வழியில் ஆணிவேர் இல்லாத மரம் ஆபத்தானது. முந்திரிச் சாகுபடியில் விண்பதியம் பின்தங்கியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அதே ஆணிவேரின்மைதான் போன்சாய் எனப்படும் தொட்டிக் குறுமரக் கலையில் பதியனுக்கு மதிப்பைத் தந்தது. குறிப்பாக, நேரான அடிமரமும் விசிறியாக விரியும் கிளைகளும் கொண்ட துடைப்ப வடிவத்துக்குப் பதியன் மிகவும் பொருந்துகிறது. ஒரே இயல்பு நிலத்தில் குறையாகவும் தொட்டியில் நிறையாகவும் ஆன வரலாற்றை இக்கட்டுரை கூறுகிறது.

பெயர்கள்

கொடியையோ தாழ்ந்த கிளையையோ வளைத்து மண்ணில் புதைத்து வேர்விடச் செய்வது மண்பதியம். மல்லிகை, முல்லை போன்றவற்றில் இது வழக்கம். கிளையை மண்ணுக்குக் கொண்டுவர முடியாதபோது, மண்ணைக் கிளைக்குக் கொண்டுபோவது விண்பதியம். காற்றுப்பதியம் என்ற பெயரும் உண்டு.

வங்காளத்தில் இம்முறை ‘குட்டி கலம்’ எனப்படுகிறது. அங்கே குட்டி என்பது சிறு உருண்டையைக் குறிக்கும். கிளையில் வைத்துக் கட்டும் மண் உருண்டையே பெயருக்குக் காரணம். தமிழில் உள்ள குட்டி என்ற சொல்லுக்கும் இதற்கும் தொடர்பில்லை. 19ஆம் நூற்றாண்டில் இந்தியத் தோட்டக்கலை பற்றி எழுதிய ஆங்கிலேயர்கள் இச்சொல்லை ‘கூட்டி’ என்று எடுத்துக்கொண்டனர். 1860களில் வெளிவந்த ஃபெர்மிஞ்சர் பாதிரியாரின் வங்காளத் தோட்டக்கலைக் கையேடு இம்முறையை விவரித்த நூல்களுள் ஒன்று. பிரெஞ்சு மொழியில் பதியனுக்கு மார்க்கோத் என்று பெயர். சீனாவில் லிச்சிப் பழமரத்தைப் பெருக்க இம்முறை நெடுங்காலமாகக் கையாளப்பட்டு வருகிறது.

கிளையில் வேர் வருவது எப்படி

மரத்தின் கட்டைப் பகுதியான சைலம் வழியாக நீரும் உப்புகளும் மேலே செல்கின்றன. பட்டையின் உட்பகுதியான ஃபுளோயம் வழியாக, இலைகள் செய்த உணவு கீழே இறங்குகிறது. இவ்விரண்டுக்கும் நடுவில் புதிய திசுக்களை உண்டாக்கும் கேம்பியம் என்ற மெல்லிய படை உள்ளது.

கிளையில் ஒரு வளையம் அளவுக்குப் பட்டையை மட்டும் உரித்தால், நீர் மேலே போவது நிற்காது, இலைகள் வாடா. உணவு கீழே இறங்கும் வழி மட்டும் அடைபடும். காயத்தின் மேல்விளிம்பில் உணவு தேங்கி அங்கே பட்டை வீங்கும். இத்தாலியரான மார்செல்லோ மால்பீகி 17ஆம் நூற்றாண்டிலும், ஆங்கிலேயரான ஸ்டீபன் ஹேல்ஸ் 18ஆம் நூற்றாண்டிலும் இத்தகைய வளையச் சோதனைகளைச் செய்து பார்த்தனர்.

தேங்குவது உணவு மட்டுமன்று. நுனிக் குருத்திலும் இளம் இலைகளிலும் உருவாகிக் கீழ்நோக்கி வரும் ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருளும் அங்கே சேர்கிறது. 1928இல் ஃபிரிட்ஸ் வென்ட் ஆக்சின் இருப்பதைச் சோதனை மூலம் நிறுவினார். 1930களில், வேர்விடுதலைத் தூண்டுவதும் இதன் வேலை என்பது தெரியவந்தது. இன்று நாற்றங்கால்களில் காயத்தின் மேல்விளிம்பில் தடவப்படும் இன்டோல் பியூட்ரிக் அமிலம் ஆக்சின் வகையைச் சேர்ந்தது. காயத்தை இருட்டிலும் ஈரத்திலும் வைத்தால், வீங்கிய விளிம்பிலிருந்து வேர்கள் புறப்படும்.

இந்த விளக்கத்திலிருந்தே எந்த மரத்துக்கு இம்முறை உதவாது என்பதும் தெளிவாகும். தென்னையும் பனையும் ஒருவித்திலைத் தாவரங்கள். அவற்றில் வளையமாகச் சுற்றிவரும் கேம்பியம் இல்லை. சைலமும் ஃபுளோயமும் சிறு கற்றைகளாகத் தண்டு முழுவதும் சிதறிக் கிடக்கின்றன. உரிப்பதற்குத் தனிப்பட்டையும் இல்லை. ஆகவே மாமல்லபுரம் கடற்கரையில் எங்கும் காணப்படும் இவ்விரு மரங்களையும் விண்பதியத்தால் பெருக்க முடியாது.

அடையாற்று ஆலமரம்

கிளையிலிருந்து வேர் விடுவது இயற்கையிலும் நிகழ்வதே. ஆலமரத்தின் விழுது அதற்குச் சான்று. சென்னை அடையாற்றில் பிரம்மஞான சபை 1882இல் வாங்கிய தோட்டத்தில் உள்ள பெரிய ஆலமரம், சுமார் 450 ஆண்டுப் பழமையானது என மதிப்பிடப்படுகிறது. 1989இல் வீசிய புயற்காற்றில் அதன் அடிமரம் சாய்ந்தது. ஆனால் நிலத்தில் ஊன்றித் தூண்களாகத் தடித்திருந்த விழுதுகள் மரத்தைக் காத்தன. இன்று அடிமரம் இல்லாமலேயே அம்மரம் பரந்து நிற்கிறது.

விண்பதியத்துக்கும் விழுதுக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. விழுது நிலத்தை அடைந்த பின்னும் தாய்மரத்தோடு இணைந்தே இருக்கிறது. பல விழுதுகள் சேர்ந்து ஒரு மரத்தைத் தாங்குகின்றன. பதியனோ வெட்டப்பட்டவுடன் தன் சிறிய வேர்த்தொகுதியை மட்டும் நம்பி நிற்க வேண்டும்.

பானையிலிருந்து பாலித்தீனுக்கு

பழைய முறையில் பட்டை உரித்த இடத்தில் களிமண்ணும் மக்கிய எருவும் கலந்த உருண்டையை வைத்து, சாக்கு அல்லது நார் கொண்டு கட்டினர். இதில் பெரிய சிக்கல் ஈரம். வெயில் காலத்தில் உருண்டை ஒரே நாளில் காய்ந்துவிடும். அதற்காக மேல்கிளையில் ஒரு பானையைத் தொங்கவிட்டு, அதன் அடித்துளையில் கயிறு செருகி, நீர் சொட்டுச் சொட்டாக உருண்டைக்கு இறங்கும்படி செய்தனர். ஒவ்வொரு பதியனுக்கும் ஒரு பானை என்றால், ஒரு மரத்தில் சில பதியன்களுக்கு மேல் போட முடியாது. எனவே மழைக்காலமே பதியம் போடும் காலமாக இருந்தது.

1933இல் இங்கிலாந்தில் கண்டறியப்பட்ட பாலித்தீன், இரண்டாம் உலகப் போருக்குப் பின் பரவலான பயன்பாட்டுக்கு வந்தது. அமெரிக்காவின் புளோரிடாவில் லிச்சி வளர்த்த கர்னல் வில்லியம் குரோவ், 1940களின் பிற்பகுதியில், பதியத்தைச் சுற்றி மெல்லிய பிளாஸ்டிக் தாளைக் கட்டினார். தாளின் உள்ளே ஈரம் தங்கியது; தினமும் நீர் ஊற்றும் வேலை ஒழிந்தது. ஈரப் பாசியையோ தேங்காய் நார்க்கழிவையோ வைத்துப் பாலித்தீன் தாளால் இறுகக் கட்டுவதே இன்று எங்கும் உள்ள முறை. உள்ளே வெண்ணிற வேர்கள் ஓடுவதை வெளியிலிருந்தே பார்க்கலாம் என்பது இதன் கூடுதல் பயன்.

செங்கல்பட்டுச் சீமையும் தோட்டக்கலையும்

1763இல் ஆற்காட்டு நவாபிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி செங்கல்பட்டுச் சீமையை ஜாகீராகப் பெற்றது. சென்னையை ஒட்டிய இப்பகுதி, வெளிநாட்டுத் தாவரங்களைச் சோதித்துப் பார்க்கும் களமாயிற்று. 1780களின் இறுதியில் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் ஒரு கள்ளித் தோட்டம் அமைத்தார். சிவப்புச் சாயம் தரும் பூச்சியை வளர்ப்பது அதன் நோக்கம். கள்ளியின் ஒரு மடலை நட்டால் முழுச்செடி ஆகும். விதையில்லாப் பெருக்கத்தின் மிக எளிய வடிவம் அது.

1835இல் தாவரவியலாளர் ராபர்ட் வைட்டின் முயற்சியால் சென்னையில் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் தோன்றியது. 1865இல் சைதாப்பேட்டையில் அரசு மாதிரிப் பண்ணையும், 1876இல் வேளாண் பள்ளியும் அமைந்தன. அக்காலத்தில் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியரின் தலைமையிடமும் சைதாப்பேட்டையே. இப்பள்ளி 1906இல் கோயம்புத்தூருக்கு இடம்பெயர்ந்தது. 1971இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. ஒட்டு, பதியன், போத்து ஆகியவை தோட்டக்காரரின் கைப்பழக்கமாக மட்டும் இல்லாமல் பாடமாகவும் ஆராய்ச்சிப் பொருளாகவும் மாறியது இவ்வழியில்தான்.

இன்றைய செங்கல்பட்டு மாவட்டம், காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து 2019 நவம்பர் 29 அன்று பிரிக்கப்பட்டது. மாமல்லபுரம், திருக்கழுக்குன்றம், கல்பாக்கம், செய்யூர் ஆகியவை இம்மாவட்டத்தைச் சேர்ந்தவை.

முந்திரி கற்பித்த பாடம்

பிரேசிலிலிருந்து போர்த்துகீசியர் 16ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவந்த முந்திரி, கடலோர மணற்பாங்கான நிலங்களில் நன்றாக வளர்ந்தது. முந்திரியில் அயல் மகரந்தச் சேர்க்கை மிகுதி. ஒரே மரத்தின் கொட்டைகளை நட்டாலும் ஒன்று நிறையக் காய்க்கும், மற்றொன்று காய்க்காது. நல்ல மரத்தை அப்படியே பெருக்குவதற்கு விண்பதியம் வழிகாட்டியது. நாட்டின் பல பகுதிகளில் முந்திரிப் பதியன்கள் உற்பத்தி செய்து நடப்பட்டன.

பிறகு குறைகள் தெரிந்தன. ஒரு தாய்மரத்திலிருந்து எடுக்கக்கூடிய பதியன்கள் குறைவு. நட்டபின் பிழைக்காமல் போனவை பல. பிழைத்தவையும் வறட்சியில் வாடின. பலத்த காற்றில் சாய்ந்தன. விதையிலிருந்து வந்த முந்திரிக்கு ஆணிவேர் ஆழமாக இறங்கும். பதியனுக்கோ காயத்தின் விளிம்பிலிருந்து கிளம்பிய பக்கவேர்கள் மட்டுமே. மேலே கிளைகள் படர்ந்து கனம் கூடும்போது, கீழே அதைப் பிடித்து நிறுத்த ஆழமான வேர் இல்லை.

இதனால் 1980களில் இளந்தண்டு ஒட்டு முறை பரவியது. விதையிலிருந்து முளைத்த நாற்றின் மேல் நல்ல மரத்தின் குருத்தை ஒட்டுவது இதன் செய்முறை. வேர் விதைக்கன்றுடையது, காய் தாய்மரத்துடையது. விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட வி.ஆர்.ஐ. 3 போன்ற முந்திரி இரகங்கள் இன்று ஒட்டுக்கன்றுகளாகவே உழவர்களுக்குச் செல்கின்றன.

ஆணிவேர் இருந்தால் எந்தப் புயலையும் தாங்கும் என்பதும் சரியன்று. 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயல், கடலூர் மாவட்டத்தில் பல்லாயிரம் முந்திரி, பலா மரங்களைச் சாய்த்தது. நாற்றுப்பையில் நெடுநாள் கிடந்து வேர் சுருண்டுபோன விதைக்கன்றும் பதியனைப் போலவே வலுவிழந்து நிற்கும். ஆனாலும் காற்று மிகுந்த கடற்கரையில் பெரிதாக வளரவேண்டிய மரத்தைப் பதியனாக நடுவது தவிர்க்கத்தக்கது என்ற பாடம் நிலைபெற்றது. 2022 டிசம்பர் 9 இரவு மாமல்லபுரம் அருகே கரையைக் கடக்கத் தொடங்கிய மாண்டஸ் புயல், இக்கரைக்கு அந்தப் பாடம் எவ்வளவு பொருந்தும் என்பதை நினைவூட்டியது.

கொய்யா, மாதுளை, எலுமிச்சை போன்ற சிறுமரங்களில் விண்பதியம் இன்றும் வழக்கில் உள்ளது. அவை கவாத்து செய்து தாழ்வாக வளர்க்கப்படுவதால் காற்றின் விசை குறைவாகவே படுகிறது.

தொட்டியில் மரம்

போன்சாய் என்ற ஜப்பானியச் சொல்லுக்குத் தட்டில் நட்டது என்று பொருள். இக்கலையின் மூலம் சீனா. கி.பி. 706இல் அமைக்கப்பட்ட இளவரசர் சாங்ஹுவாயின் கல்லறைச் சுவரோவியத்தில், சிறுமரம் வைத்த தட்டை ஏந்திய பணியாளர் உருவம் உள்ளது. ஜப்பானில் 1309ஆம் ஆண்டைச் சேர்ந்த கசுகா கோங்கென் கென்கி ஓவியச்சுருளில் தொட்டி மரங்கள் இடம்பெற்றுள்ளன. 1923இல் டோக்கியோவை நிலநடுக்கமும் தீயும் அழித்தபின், அங்கிருந்த போன்சாய்க் கலைஞர்கள் சிலர் இடம்பெயர்ந்து 1925இல் ஓமியாவில் ஒரு போன்சாய்க் கிராமத்தை நிறுவினர். முதல் உலகப் போன்சாய் மாநாடு 1989இல் அங்கேதான் நடந்தது. இந்தியாவில் பொதுமக்கள் காணக்கூடிய பெரிய போன்சாய்த் தோட்டங்களுள் ஒன்று மைசூரு கணபதி சச்சிதானந்த ஆசிரமத்தின் கிஷ்கிந்தா மூலிகா போன்சாய்த் தோட்டம்.

தட்டின் ஆழம் சில அங்குலம் மட்டுமே. அதில் ஆணிவேருக்கு இடமில்லை. விதைக்கன்றிலிருந்து போன்சாய் செய்பவர் முதலில் செய்யும் வேலையே ஆணிவேரை வெட்டிப் பக்கவேர்களை வளரவிடுவது. அடிமரத்தைச் சுற்றி எல்லாத் திசையிலும் வேர்கள் மண்மேல் தெரியப் பரவியிருப்பதை ஜப்பானியர் ‘நெபாரி’ என்பர். மரத்துக்கு முதுமையும் உறுதியும் தருவது இதுவே. விதைக்கன்றில் இதைப் பெறப் பல ஆண்டுகள் ஆகும். பதியனிலோ வளையக் காயத்தின் விளிம்பிலிருந்து ஒரே மட்டத்தில், சுற்றிலும் வேர்கள் வருகின்றன. நிலத்தில் குறையாக இருந்தது இங்கே தொடக்கத்திலேயே கிடைத்த நிறையாகிறது.

துடைப்ப வடிவம்

தென்னை ஈர்க்குத் துடைப்பத்தைப் பிடி கீழாக நிறுத்தினால் தெரியும் உருவமே இவ்வடிவம். ஜப்பானியப் பெயரான ‘ஹோக்கிதாச்சி’யும் துடைப்பம் என்ற பொருளில் அமைந்ததே. அடிமரம் வளைவின்றி நேராக நிற்கும். மொத்த உயரத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு வரை கிளை இருக்காது. அதன்மேல் கிளைகள் எல்லாப் பக்கமும் விரிந்து, இரண்டிரண்டாகப் பிரிந்து, நுனியில் மெல்லிய குச்சிகளாகி, உச்சி ஒரு கவிகையாக முடியும். ஜப்பானில் இதற்குப் பெயர்பெற்றது எல்ம் குடும்பத்தைச் சேர்ந்த கெயாக்கி மரம். தமிழ்நாட்டின் ஆயா மரமும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் இலை பெரிது என்பதால் சிறு தொட்டிக்கு எளிதில் அடங்காது.

வழக்கமான முறையில் நேரான இளங்கன்றின் தலையை வேண்டிய உயரத்தில் வெட்டி, வெட்டுவாயில் முளைக்கும் குருத்துகளை விசிறியாகப் பழக்குவர். ஒரே இடத்தில் பல கிளைகள் தடிப்பதால் அங்கே முடிச்சு போல வீங்கிவிடுவது இதில் அடிக்கடி வரும் குறை. அதைத் தடுக்க வெட்டுவாயைச் சுற்றிக் கயிறு கட்டுவதும், வேண்டாத குருத்துகளை முளையிலேயே கிள்ளுவதும் வழக்கம்.

பதியனிலிருந்து துடைப்பம்

விண்பதியத்தில் வேலை தலைகீழாக நடக்கிறது. முதலில் கிளைப்பிரிவு தேர்வாகிறது. பிறகு அதற்கு வேர் தரப்படுகிறது. தாய்மரத்தில் நேராக மேல்நோக்கி வளர்ந்து, ஓரிடத்தில் இரண்டு மூன்றாகச் சீராகப் பிரியும் கிளையைக் கண்டுபிடிக்க வேண்டும். மொத்தம் 18 செ.மீ. உயர மரம் வேண்டுமானால், பிரிவுக்குக் கீழே சுமார் 6 செ.மீ. தள்ளி வளையக் காயத்தின் மேல்விளிம்பு அமையவேண்டும்.

காயத்தின் அகலம் கிளையின் குறுக்களவுக்குக் குறையாமல், சிறு கிளையானால் 2 முதல் 3 செ.மீ. வரை இருப்பது நல்லது. பட்டையை உரித்தபின் கட்டையின் மேலுள்ள வழுவழுப்பான படையைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிட வேண்டும். அது எஞ்சினால் பட்டை மீண்டும் இணைந்து வேர் வராமல் போகும். மேல்விளிம்பு சாய்வாக இருந்தால் வேர்களும் சாய்ந்த மட்டத்தில் வரும். ஆகவே வெட்டு கிடைமட்டமாக இருக்கவேண்டும். பிறகு ஈரமான பாசி அல்லது நார்க்கழிவை வைத்துப் பாலித்தீன் தாளால் சுற்றி இரு முனைகளையும் இறுகக் கட்டவேண்டும். வெயில் நேராகப் படும் கிளையானால், உள்ளே சூடேறாமல் இருக்க மேலே சாக்குத்துணி சுற்றலாம்.

வேர்விடும் காலம் மரத்துக்கு மரம் வேறுபடும். எளிதில் வேர்விடும் மரங்களில் ஒன்று முதல் இரண்டு மாதங்கள் ஆகலாம். வெண்வேர்கள் பழுப்பேறிக் கிளைவேர் விட்டபின், உருண்டைக்குக் கீழே வெட்டி, இலைகளில் ஒரு பகுதியை நீக்கி, நிழலில் தொட்டியில் வைக்கவேண்டும். முதலாண்டில் வேரைத் தொடாமல் வளரவிடுவது பாதுகாப்பானது. அதன்பின் தட்டுக்கு மாற்றும்போது கீழ்நோக்கி வளர்ந்த வேர்களை வெட்டி, பக்கவாட்டில் பரவியவற்றை வைத்துக்கொள்வர். மேலே ஒவ்வொரு பிரிவிலும் இரண்டு கிளைகளை மட்டும் விட்டு, புதுக்குருத்து சில இலைகள் விட்டதும் கிள்ளிவர, குச்சிகள் நுணுகும்.

கடற்கரைக்கு ஏற்ற மரங்கள்

சென்னை முதல் புதுச்சேரி வரையிலான கரையில் வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. காற்றில் ஈரம் மிகுந்த இக்காலம் பதியத்துக்கு ஏற்றது. ஆனால் புயலும் இதே காலத்தில் வரும். ஆகவே வேர் ஏறிய கனத்த உருண்டையைத் தாங்கும் கிளைக்கு ஒரு குச்சி முட்டுக் கொடுப்பது வழக்கம்.

கல்லிச்சி, ஆல், அரசு போன்ற அத்தி இனத்து மரங்கள் எளிதில் வேர்விடும். வெட்டும்போது வடியும் பாலைத் துடைத்துவிட்டுக் கட்டவேண்டும். இவற்றுள் கல்லிச்சியின் இலை சிறிது என்பதால் துடைப்ப வடிவுக்கு ஏற்றது. புளிக்கு இலை நுண்மை உண்டு, வேர்விடுவது தாமதம்.

சோழமண்டலக் கரையின் வறண்ட பசுமைமாறாக் காடுகளில் இயல்பாக வளரும் குரங்கு வெற்றிலை என்னும் சிற்றிலைப் புதர், உலகப் போன்சாய்ச் சந்தையில் ஃபுக்கியன் தேயிலை என்ற பெயரில் விற்கப்படுவதே. தாய்லாந்தின் ‘மை டாட்’ என்னும் மரம் பழக்கும் கலையில் முதன்மையானது பராய் மரம். திருப்பராய்த்துறைக் கோயிலின் தலமரமான அதே பராய், தமிழ்நாட்டு வேலிகளிலும் புதர்க்காடுகளிலும் உள்ளது.

கடலோரத்தில் தட்டு மரத்துக்கு இரண்டு இடர்கள் உண்டு. ஒன்று, கோடையில் தட்டின் மண் அரைநாளில் காய்ந்துவிடுவது. மற்றொன்று, உப்பேறிய கிணற்று நீர். உப்பு மண்ணில் சேரச் சேர இலை நுனி கருகும். மழைநீரைச் சேர்த்து ஊற்றுவதும், அவ்வப்போது தட்டை நல்ல நீரால் முழுக்க அலசுவதும் இதற்குத் தீர்வு.

காடும் கத்தியும்

பாறை இடுக்கிலும் மேய்ச்சல் நிலத்திலும் இயற்கையாகவே குறுகி வளர்ந்த பழைய மரங்களைத் தோண்டிவந்து போன்சாய் ஆக்கும் பழக்கம் பல நாடுகளில் உண்டு. தோண்டப்பட்டவற்றில் பல பிழைப்பதில்லை. சோழமண்டலக் கரையின் புதர்க்காடுகள் ஏற்கெனவே சிறு துண்டுகளாகவும் கோயில் காடுகளாகவும் சுருங்கிவிட்டவை. அங்கே ஒரு பராயைத் தோண்டினால் அந்த இடம் வெறுமையாகும். தோட்டத்திலோ வேலியிலோ நிற்கும் மரத்தில் பதியம் போட்டால் ஒரு கிளை மட்டுமே குறையும், தாய்மரம் நிற்கும்.

விண்பதியத்தின் வரலாறு, வேரை எந்த இடத்தில் வரவைப்பது என்பதை மனிதர் தீர்மானிக்கக் கற்ற வரலாறு. பானையும் கயிறும் பாலித்தீனாக மாறின. காரணம் புரியாத கைப்பழக்கம் ஆக்சின் என்ற விளக்கம் பெற்றது. ஆனால் ஆழமாக இறங்கும் ஆணிவேரை மட்டும் இம்முறையால் தர முடியவில்லை. அதனால் கடற்காற்றை எதிர்த்து நிற்கவேண்டிய மரத்துக்கு விதைக்கன்றோ, விதைக்கன்றின் மேல் ஒட்டியதோ தேவைப்படுகிறது. ஒரு சாண் உயரத்தில் தட்டில் நிற்கும் துடைப்ப மரத்துக்குப் பதியன் போதும். புயல் எச்சரிக்கை வந்தால் அதை வீட்டுக்குள் எடுத்து வைத்துவிடலாம்.